நாலு பேருக்காக நான் இளைத்த கதை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "இங்கே முட்டாள்கள் எங்கே இருப்பார்கள்?" என்று யாரைக் கேட்டாலும், "எந்தத் தெரு முட்டாள்?" என்று பதிலுக்குக் கேட்பார்கள். கீழத்தெரு என்று சொன்னால் நேராக என் ஜெராக்ஸ் கடைக்கு வழி காட்டுவார்கள். சாயங்காலமானால் அங்கே நாலு பேர் உட்கார்ந்திருப்போம். அந்த நாலு பேரில் கண்ணாடி போட்டவன் நான்.

பெயர் ஆவுடையப்பன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர்களுடைய பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பிரதி எடுத்துக்கொண்டே இருப்பதால் எனக்கு விஷயம் தெரியும் என்று மற்ற மூன்று பேரும் நம்புகிறார்கள். நான் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவன். முதல் தடவை சரியாக யோசித்துவிடுவேன். இரண்டாவது தடவையில்தான் வினை.

மற்ற மூன்று பேர் யாரென்றால், மாவு மில் கொம்பையா, தையல்கடை நம்பிராஜன், பேக்கரி மிக்கேல். நாலு பேருக்கும் பொதுவான ஒரு திறமை உண்டு. கயிறு இழுப்போம்.

காணும் பொங்கல் அன்று கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். தெருவுக்கு நாலு பேர். எங்கள் உத்தி எளிமையானது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் அப்படியே உட்கார்ந்துவிடுவோம். மேலத்தெரு ஆட்கள் இழுத்துப் பார்ப்பார்கள், தலைகீழாக நின்று பார்ப்பார்கள், கடைசியில் களைத்துப் போய் எங்கள் பக்கம் வந்து விழுவார்கள். நாங்கள் இழுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் தோற்றதாகவும் நினைவில்லை.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. போட்டி முடிந்ததும் பந்தலில் முதல் பந்தி ஜெயித்தவர்களுக்கு. தோற்றவர்கள் பரிமாற வேண்டும். சாப்பிட்டு முடித்தபிறகு எச்சில் இலையையும் அவர்கள்தான் எடுக்க வேண்டும். மேலத்தெரு அணிக்குத் தலைவன் செண்பகராஜ். என் மனைவி பகவதியின் தம்பி. அவன் என் இலையை எடுக்கக் குனியும்போது, "கொஞ்சம் இரு மாப்ள, பாயாசம் ஒரு வாய் இருக்கு" என்று நான் சொல்வேன். வருஷம் பூராவும் நான் சந்தோஷமாக இருக்கிற நேரம் ஏறக்குறைய அதுதான்.

இந்த வருஷம் விழாக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஞானதுரை சார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் கழுத்தில் விசிலோடுதான் இருப்பார்.

"இது பலப்பரீட்சை. படுத்துத் தூங்குத போட்டி இல்ல. இனிமே ஒரு அணியில நாலு பேர் எடையும் சேத்து முந்நூத்தி இருபது கிலோவுக்கு மேல இருக்கக்கூடாது. இருந்தா அந்த அணி தோத்ததா அர்த்தம்" என்று அறிவித்துவிட்டு விசிலை ஊதினார்.

நாங்கள் வாழைத்தார் மண்டிக்குப் போய், தார் நிறுக்கிற தராசில் நாலு பேரும் ஒன்றாக ஏறி நின்றோம். நானூறு காட்டியது.

மேலத்தெருக்காரர்கள் நாலு பேரும் ஓணான் மாதிரி இருப்பார்கள். அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. செண்பகராஜ் அன்று மாலையே என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுக்க ஒன்றும் இல்லாமலே நின்றான்.

"அத்தான், எனக்குத் தலைவாழை இலைதான் பிடிக்கும். பெரிய இலை. குனிஞ்சு எடுக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். இப்பவே பழகிக்கிடுங்க" என்றான்.

அவன் போய்விட்டான். மச்சினனின் எச்சில் இலையை நான் எடுப்பதாகவும், "கொஞ்சம் இருங்க அத்தான், பாயாசம் ஒரு வாய் இருக்கு" என்று அவன் சொல்வதாகவும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"எம்பது கிலோ குறையணும்" என்றார் நம்பிராஜன். "என் எடையே எம்பதுதான். நான் இல்லாம போயிட்டா சரியா இருக்கும்."

"நீரு இல்லாம போயிட்டா மூணு பேருல்லா ஆவோம்? அணிக்கு நாலு பேரு வேணுமே" என்றார் கொம்பையா.

"அதும் சரிதான்" என்று நம்பிராஜன் ஒத்துக்கொண்டு, இருப்பதாக முடிவு செய்தார்.

"ஆளுக்கு இருபது கிலோ குறைச்சா என்ன?" என்று கேட்டார் மிக்கேல். இது முட்டாள்தனமான யோசனை என்று மூன்று பேருக்கும் உடனே பட்டது. நாலு வீட்டில் நாலு பேர் பட்டினி கிடப்பது தேவையில்லாத கஷ்டம். சார் கேட்பது மொத்த எடையைத்தானே? யார் குறைத்தால் என்ன?

அப்போதுதான் நான் இரண்டாவது தடவை யோசித்தேன். "நேர்த்திக்கடன் எப்படி? என் பையனுக்கு நேர்ந்துக்கிட்ட மொட்டையைப் பரீட்சை இருக்குன்னு அவன் தாய்மாமன் செண்பகராஜ்தானே போட்டுக்கிட்டான்? சாமி ஒத்துக்கிட்டாரா இல்லையா? அது மாதிரி நாலு பேருக்காக ஒருத்தர் இளைச்சா போதாதா?"

மிக்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியாச் சொன்னீரு ஓய். எங்க மாமாவுக்குக் கால்வலின்னு அவருக்காக நான்லா வேளாங்கண்ணிக்கு நடந்தேன். அவருக்கு வலி போயிட்டு. எனக்கு வந்துட்டு. இன்னும் இருக்கு பாரும்" என்று முட்டியைக் காட்டினார்.

யார் இளைப்பது என்பதைப் பிள்ளையாரே சொல்லட்டும் என்று சீட்டுக் குலுக்கிப் போட முடிவாயிற்று. நாலு சீட்டையும் தயாரிக்கிற பொறுப்பு என்னுடையது. நாலும் ஒரே மாதிரி இருந்தால்தான் நியாயம் என்பதால், முதல் சீட்டில் என் பெயரை எழுதி, அதையே மற்ற மூன்று சீட்டாகவும் ஜெராக்ஸ் எடுத்தேன்.

குலுக்கி ஒன்றை எடுத்தோம். ஆவுடையப்பன் என்று இருந்தது. சந்தேகம் இருக்கக்கூடாது என்று இன்னொன்றை எடுத்தோம். அதிலும் ஆவுடையப்பன். மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே பெயர்.

"இவ்வளவு உறுதியா எந்தச் சாமியும் சொல்லி நான் கேட்டதில்ல" என்று கொம்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"உம்ம எடை என்ன ஓய்?" என்று நம்பிராஜன் மெல்லக் கேட்டார்.

"தொண்ணூத்தஞ்சு."

"எம்பது போனா மிச்சம் பதினஞ்சு. கயிறு பிடிக்க அது போதும். கை மட்டும் இருந்தா சரி."

அன்று ராத்திரி பகவதியிடம் சொன்னேன். "பதினஞ்சு கிலோவுல எம்புருசன் எனக்கு வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் தெருவின் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இளைப்பதற்கு வழியை மிக்கேலின் மகன்தான் போனில் பார்த்துச் சொன்னான். அளவு பார்த்துப் பொட்டலம் கட்டிய சாப்பாடு கூரியரில் வருகிறதாம். காலைக்கு ஒரு டப்பா, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் சாப்பாடாகிவிடும். அதைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருந்தால் உடம்பு தானாக இறங்கிவிடும். வரவழைத்தோம். பெரிய அட்டைப்பெட்டி நிறைய டப்பாக்கள். மேலே கத்தரிக்காய் மாதிரி மினுமினுவென்று ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் குறிப்புகள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் குறிப்பைப் படித்தேன். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்."

"குளிர்ந்த இடம்னா ஆத்தங்கரை" என்றார் கொம்பையா.

"அது உலர்ந்த இடம் இல்லையே வே" என்றார் நம்பிராஜன்.

"அப்ப என் மில்லு. அங்க ஒரு பொட்டு ஈரம் கிடையாது."

"உம்ம மில்லுல போயி நின்னா நாமளே அவிஞ்சு போவோம். டப்பா என்னத்துக்கு ஆவும்?"

"எங்கிட்ட ஃபிரிட்ஜ் இருக்கு" என்றார் மிக்கேல். ஆனால் ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஈரமாக இருந்தது. வீடு வீடாகத் தடவிப் பார்த்தோம். எங்கள் ஊரில் குளிர்ந்தவையெல்லாம் ஈரமாகவும், உலர்ந்தவையெல்லாம் சூடாகவும் இருந்தன. கடைசியில் குளிர்ந்தும் உலர்ந்தும் ஒரே ஓர் இடம்தான் அகப்பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஏ.டி.எம். அறை. டப்பாக்களை அங்கே சுவரோரமாக அழகாக அடுக்கி வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி டப்பா இல்லை. பணம் எடுக்க வந்தவர்கள் பொங்கலுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருக்கிறார்கள். நாங்கள் நிற்கும்போதே ஓர் அம்மாள் தூக்குவாளியோடு வந்து, "குடுக்கது குடுக்கீங்க, கொஞ்சம் உப்புப் போட்டுக் குடுத்தா குறைஞ்சா போவீங்க?" என்று எங்களைத் திட்டிவிட்டு, இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டோம். பேப்பர் கட்டுக்கும் மின்விசிறிக்கும் நடுவில் வைத்தோம்.

முதல் நாள் மதியம். வெந்நீர் ஊற்றி மூடியைத் திறந்தேன். நாலு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

"எங்க வே சாப்பாடு?" என்றார் கொம்பையா.

"அந்த மூலையில இருக்கு பாரும்" என்றேன்.

"வெளியில படத்துல பெருசா இருக்கு. உள்ள சின்னதா இருக்கு. சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தாப்பல." நம்பிராஜன் என் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். "நீரு பெருசாக்கியும் எடுப்பீர்லா?"

யோசித்துப் பார்த்தேன். இளைக்கிற காரியத்தில் அது முறையாகாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது குறிப்பு: "சாப்பிடும்போது கவனம் உணவின் மேல் மட்டுமே இருக்கட்டும். அக்கம்பக்கம் பார்க்க வேண்டாம்." இதற்கு நம்பிராஜன் உடனே வழி செய்தார். வண்டிக்குதிரைக்குக் கட்டுவது மாதிரி கண்ணுக்கு இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்து, தலையில் கட்டிவிட்டார். டப்பாவைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை. என் வயதில் சிலர் அந்த நிலைக்காகத் தவமே செய்கிறார்கள்.

மூன்றாவது குறிப்புதான் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. "உங்கள் மதிய உணவுக்குப் பதிலாக இதைச் சாப்பிடவும்."

"அப்ப பகவதி தங்கச்சி பொங்கி வச்சிருக்குமே, அந்த மதியச் சாப்பாடு?" என்று கேட்டார் மிக்கேல். "அதுக்குப் பதிலா டப்பா வந்துட்டு. அது எங்க போவும்?"

"அது அனாதையால்லா நிக்கும்" என்றார் நம்பிராஜன்.

"பாவம்ல" என்றார் கொம்பையா. "நமக்காகத்தானே ஆவுடையப்பன் அந்தச் சாப்பாட்டைக் கைவிட்டிருக்காரு? அந்தப் பாரத்தை நாம சுமக்கலேன்னா நாமெல்லாம் மனுசங்களா?"

அன்றிலிருந்து என் சாப்பாட்டு அடுக்கு கடைக்கு வரும். நான் நடுவில் கண்பட்டையோடு உட்கார்ந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலதுபக்கம் கொம்பையா. இடதுபக்கம் மற்ற இருவர். எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் அவியல் வாசனை வலதுபக்கம் போகும், பிறகு இடதுபக்கம் போகும். ஒரு நாள், "தேங்காய் கொஞ்சம் தூக்கலா இருக்கு, நாளைக்குக் குறைச்சுப் போடச் சொல்லும்" என்று எனக்கே செய்தி வந்தது. பகவதியிடம் அதைச் சொன்னேன். எனக்குப் பிடிக்கவில்லையோ என்று அவள் மறுநாள் முதல் இன்னும் இரண்டு வகை சேர்த்து அனுப்பினாள்.

மார்கழி பாதி போனதும் மண்டிக்குப் போனோம். முதலில் நான் மட்டும் தராசில் ஏறினேன். நாலு கிலோ இறங்கியிருந்தது. மூன்று பேரும் கை தட்டினார்கள். பிறகு நாலு பேரும் சேர்ந்து ஏறினோம்.

நானூற்றுப் பத்து.

"நான் இறங்கியிருக்கேன். ஆனா நாம ஏறியிருக்கோம்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தலை சுற்றியது. அது பசியாலும் இருக்கலாம்.

தராசின் மேலேயே நின்று யோசித்தோம். மண்டிக்காரர் இறங்கச் சொன்னார். பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னோம்.

"ஒரு பொருள் ஒரு இடத்தை விட்டுப் போனா இன்னொரு இடத்துக்கு வந்துதான ஆவணும்?" என்று நம்பிராஜன் மெதுவாக ஆரம்பித்தார். "நான் ஒரு சட்டையில துணியைக் குறைச்சா அது இல்லாமலா போயிருது? கீழ விழுந்து கிடக்கும்லா? ஆவுடையப்பன்ட்ட இருந்து இறங்குன எடை எங்க போயிருக்கும்?"

எல்லாரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். கொம்பையா தன் வயிற்றைப் பார்த்தார்.

"வலதுபக்கம் உக்காந்திருந்தது நான்தான்" என்றார் குற்ற உணர்ச்சியோடு.

"என் மாமா கால்வலி எனக்கு வந்த மாதிரிதான் வே இது!" என்று மிக்கேல் தொடையைத் தட்டினார். "பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட வந்து ஏறிக்கிடும்."

எனக்கு அப்போது வெளிச்சம் வந்தது. இப்படி வெளிச்சம் வரும்போதெல்லாம் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. "அப்ப நான் உங்க பக்கத்துல உக்காந்து இளைக்கக் கூடாது. செண்பகராஜ் பக்கத்துல உக்காந்து இளைக்கணும். என் எடையெல்லாம் அவனுக்குப் போகும். நாம முந்நூத்தி இருபதுக்கு இறங்குறது ஒரு பக்கம். அவங்க முந்நூத்தி இருபதைத் தாண்டுறது இன்னொரு பக்கம்."

மூன்று பேரும் தராசிலேயே என்னைக் கட்டிக்கொண்டார்கள். மண்டிக்காரர் வாழைத்தாரை எடுத்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் டப்பாவையும் கண்பட்டையையும் எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனேன். செண்பகராஜ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"என்ன அத்தான், இலை எடுக்க ஒத்திகை பாக்க வந்தீயளா?"

"இல்ல மாப்ள, உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்னு தோணிச்சு."

அவன் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி கோமதி ஓடி வந்தாள். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"என்னண்ணே இது? தங்கச்சி வீட்டுக்கு வந்து டப்பாவுல சாப்பிட்டா நாலு பேரு என்ன சொல்லுவாவ? பகவதி மதினிக்கு நான் எந்த முகத்தைக் காட்டுவேன்?"

டப்பாவைப் பிடுங்கிக் கொல்லையில் கோழிக்குப் போட்டுவிட்டாள். கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டு, சந்தேகத்தோடு எங்களைப் பார்த்தது. எனக்கு இலை போட்டாள். வந்த விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. செண்பகராஜுக்கும் பக்கத்தில் இலை விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? நான் போதும் என்று கையைக் காட்டினால், "அண்ணன் கூச்சப்படுதாவ" என்று கோமதி இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அவன் போதும் என்றால், "நீங்க எந்திரிச்சா அண்ணனும் எந்திரிச்சிருவாவ. இருங்க" என்று அவனுக்கும் ஒரு கரண்டி. இரண்டு பேரும் மற்றவனுக்காக உட்கார்ந்திருந்தோம். தயிருக்கு வரும்போது ஒருவரையொருவர் கெஞ்சுவது மாதிரி பார்த்துக்கொண்டோம். கண்பட்டை கட்டியிருந்ததால் நான் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தினமும் போனேன். ஒரு வாரத்தில் நம்பிராஜன் மூச்சு இரைக்கக் கடைக்கு ஓடி வந்தார். "வேலை செய்யுது வே! உம்ம மச்சினன் கால்சட்டையைக் கொண்டு வந்து இடுப்பைப் பிரிச்சு விடச் சொல்லிட்டுப் போறான்!"

இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? எங்கள் ஊரில் இரண்டு தெருவும் மாறி மாறிப் பெண் கொடுத்து எடுத்தவை. மேலத்தெரு அணியில் ஒருவன் கொம்பையாவின் சகலை. ஒருவன் நம்பிராஜனின் தங்கை மாப்பிள்ளை. ஒருவன் மிக்கேலின் ஞானமகன். ஆளுக்கு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வீட்டுக்குப் போனார்கள். மேலத்தெருக் கோழிகளெல்லாம் சிறுதானிய உப்புமா சாப்பிட்டன. மேலத்தெரு முழுக்க மதியமானால் எண்ணெய் காய்கிற வாசனை எழுந்தது. இத்தனை வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத உறவுகள் எல்லாம், இவர்கள் திடீரென்று இவ்வளவு பாசமாகிவிட்டார்களே என்று உருகிப் போய் வடை சுட்டன.

எங்கள் எடை என்ன ஆயிற்று என்று யாரும் யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்தேன். ஒரு நாள் பூரா யோசித்துவிட்டுக் கொம்பையாவிடம் கேட்டேன்.

"நம்ம எடைதான் தினமும் மேலத்தெருவுக்குப் போயிக்கிட்டு இருக்கே. இல்லாததை எதுக்கு ஓய் நிறுத்துப் பாக்கணும்?" என்றார். மனசு நிம்மதியாயிற்று. வேட்டியைக் கட்டும்போது மட்டும் முன்னைப்போல எட்டவில்லை. துணி இப்போதெல்லாம் சுருங்குகிறது.

காணும் பொங்கல் வந்தது. மண்டித் தராசைத் திடலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பக்கத்துப் பந்தலில் சமையல் முடிந்து, முதல் பந்திக்கு நாலு தலைவாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. ஞானதுரை சார் விசிலை ஊதி மேலத்தெருவை முதலில் கூப்பிட்டார்.

செண்பகராஜும் மற்ற மூன்று பேரும் அசைந்து அசைந்து வந்தார்கள். தராசில் ஏறும்போது ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். முந்நூற்று நாற்பது.

"எடை மீறியாச்சு. மேலத்தெரு தோல்வி" என்றார் சார்.

கீழத்தெரு ஆர்ப்பரித்தது. நான் செண்பகராஜைப் பார்த்துச் சிரித்தேன். "தலைவாழை இலைதான் மாப்ள எனக்கும் பிடிக்கும்" என்றேன். அவன் முகம் தொங்கிவிட்டது. பிறகு நாங்கள் நாலு பேரும் ஏறினோம்.

தராசு ஒரு முனகல் முனகியது. நானூற்று நாற்பது என்று காட்டிவிட்டு, அதற்குப் பிறகு எதையுமே காட்ட மாட்டேன் என்று அணைந்துவிட்டது.

"கீழத்தெருவும் தோல்வி" என்றார் சார்.

நான் செண்பகராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். தோற்றவர்கள் பரிமாற வேண்டும். எட்டுப் பேரும் போய் ஆளுக்கொரு வாளியைத் தூக்கினோம். நான் சாம்பார். அவன் பாயாசம். நாலு இலைக்கு முன்னால் எட்டுப் பேர் வாளியோடு நின்றோம். இலைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

ஜெயித்தவர்கள் சாப்பிடாமல் அடுத்த பந்தி கிடையாது. ஊரே பந்தலுக்கு வெளியே பசியோடு நின்றது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

"ஏங்க, யாராவது உக்காந்து தொலையுங்களேன்" என்று பகவதி கத்தினாள்.

"தோத்தவன் எப்படிக்கா உக்கார முடியும்? உக்காந்தா ஜெயிச்சவன்லா?" என்றான் செண்பகராஜ்.

"அப்ப அத்தானை உக்காரச் சொல்லு!"

"அவன் என் இலையை எடுக்கச் சம்மதிச்சா உக்காருதேன்" என்றேன்.

"அதெப்படி? நீங்க என்னைவிட நூறு கிலோ அதிகமாத் தோத்திருக்கீக!"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை யோசித்தேன்.

"சார், விதி என்ன? முந்நூத்தி இருபது கிலோவைத் தாண்டினவங்க தோத்தவங்க. தாண்டாதவங்க ஜெயிச்சவங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"இந்தத் திடல்ல போட்டிக்குன்னு வந்ததுல எடைக்குள்ள இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்." நான் கையை நீட்டிக் காட்டினேன். "கயிறு."

ஞானதுரை சார் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

கயிற்றை மரியாதையாக நாலு பேர் தூக்கி வந்து, தலைவாழை இலைக்கு முன்னால் சுருட்டி உட்கார வைத்தோம். மிக்கேல் ஒரு மாலையைப் போட்டார். சோறு விழுந்தது. நான் சாம்பார் ஊற்றினேன். கூட்டு, பொரியல், அப்பளம், வடை எல்லாம் விழுந்தது. "வெக்கப்படாம சாப்பிடும்" என்று நம்பிராஜன் குனிந்து சொன்னார்.

இலையை யார் எடுப்பது என்பதில் எனக்கும் செண்பகராஜுக்கும் கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. அவன் ஒரு முனையைப் பிடிப்பான், நான் மறுமுனையைப் பிடிப்பேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிவோம். ஆனால் விருந்தாளி சாப்பிட்டு முடித்து இலையை மடக்காமல் நாம் எப்படி எடுப்பது? ஆளுக்கொரு முனையில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தோம். வெயில் ஏறியது. ஊர் பசியோடு காத்திருந்தது. கயிறு ஒன்றையும் தொடவில்லை.

கொம்பையா மோவாயைத் தடவியபடி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கங்கே நார் பிரிந்து, நடுவில் தேய்ந்து போயிருந்தது.

"பாவம் வே" என்றார் கடைசியில். "போன வருசத்துக்கு இப்ப ரொம்ப இளைச்சிட்டு. இன்னும் ஒரு கரண்டி பாயாசம் ஊத்துங்க."

செண்பகராஜ் ஊற்றினான்.